நாற்பத்து மூன்றாவது பிணம்

பிணம் தும்மியது!

“கட்!”

டைரக்டர் அன்புசெல்வன் கத்திய கத்தலில் தகரக் கூரையில் உட்கார்ந்திருந்த புறாக்கள் சடசடவென்று பறந்தன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எப்போதோ மூடிப்போன இரும்பு ஃபாக்டரி அது. இப்போது அதற்குள் ஒரு சாவு வீட்டு செட்.

“என்னக்கா இது? பொணம் தும்மலாமா?”

ஃப்ரீசர் பெட்டிக்குள் படுத்திருந்த சுமலதா மூக்கைத் தேய்த்துக்கொண்டாள்.

“சாமந்தி எனக்கு ஆகாது தம்பி. மாலையை மாத்துங்கன்னு காலையிலேயே சொன்னேனே!”

சுமலதாவை உங்களுக்குத் தெரியும். பெயர்தான் தெரியாது!

முப்பத்தொரு வருஷமாக சினிமாவிலும் சீரியலிலும் இருக்கிறாள். குழந்தையைத் துணியில் சுற்றி நீட்டி ‘ஆம்பளப் புள்ள’ என்பாளே, அந்த நர்ஸ். கோர்ட்டில் மயங்கி விழும் அம்மா. எதிர்வீட்டு வம்புக்காரி. ஐந்து வருஷமாக இந்த சீரியலில் கொடுமைக்கார மாமியார். பஸ்ஸில் ஏறினால் பெண்கள் முறைப்பார்கள். இறங்கும்போது செல்ஃபி எடுப்பார்கள்.

செத்தது மட்டும் நாற்பத்திரண்டு தடவை. இது நாற்பத்து மூன்று!

மூச்சை அடிவயிற்றிலேயே ஓட்டுவாள். மார்பு அசையாது. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் இமை துடிக்காது. சாமந்தி ஒன்றுதான் அவளுக்கு எதிரி.

லைட்மேன் துலுக்காணம் ஒரு பெரிய பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆரம்பாக்கத்துக்காரர். இருபது வருஷ அனுபவம்.

“யம்மா, ஷாட் முடிஞ்சதும் சிரிக்க மறந்துடாத. நான் பூசணிக்காயோட ரெடியா கீறேன்.”

யூனிட்டில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் அது. பிணமாக நடித்தவர் ஷாட் முடிந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். சிரித்தால்தான் பீடை கழியும். சிரித்த நிமிஷம் லைட்டை அணைத்து, பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். அதற்குமேல் எப்பேர்ப்பட்ட டைரக்டர் கெஞ்சினாலும் துலுக்காணம் லைட் போட மாட்டார்.

“சீனைக் கேளுங்க!” அன்புசெல்வன் கை தட்டினான். “மருமக பெட்டியைப் பூட்டிடறா. அப்ப மாமியார் கண்ணைத் தொறக்கறாங்க. கண்ணாடியைத் தட்டறாங்க, கத்தறாங்க. வெளியில யாருக்கும் கேக்கல. கனவு சீன்! ஒரே ஷாட். எத்தனை நிமிஷமானாலும் நான் ‘கட்’ சொல்ற வரைக்கும் ஒருத்தரும் கிட்ட போகக் கூடாது. ஜோசப்! கேமரா நிக்கவே கூடாது. நின்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராத!”

“சரி சார்,” என்றான் கேமராமேன் ஜோசப்.

“சவுண்டு வேணாம். டப்பிங்ல பாத்துக்கலாம்.”

சாமந்தி மாலை போய் ரோஜா மாலை வந்தது. அன்புசெல்வனே அதைப் போட்டான். சரி செய்வதுபோல் குனிந்தான். சிரித்த முகத்தோடு, அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

“நாளைக்கு பொன்னேரி கோர்ட்ல சாட்சி சொல்லப் போறீங்களாமே?”

சுமலதா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள்.

பூமிகா!

இருபத்திரண்டு வயசு. ஹீரோயினுக்கு டூப் போடும் பெண். போன வருஷம் இதே ஷெட்டில், நாற்பதடி உயரத்தில் நின்றாள். ‘கயிறு ஃப்ரேம்ல தெரியுது, அவுத்துடு’ என்றான் அன்புசெல்வன். அவிழ்த்தாள். விழுந்தாள். உடனே அவன் வாயில் வந்த முதல் வார்த்தை ‘கட்’! கேமரா நின்றது.

பிரேக்கில் அவளாகவே விளையாட்டுக்கு ஏறி விழுந்து செத்தாள் என்று எல்லோரும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். போடாதது ஒரே ஒருத்தி.

“நீங்க கயித்தை அவுக்கச் சொன்னதை நான் காதால கேட்டேன். சொல்லத்தான் போறேன்.”

“சொல்லுங்களேன்... நாளைக்கு இருந்தா!”

அவள் எழுவதற்குள்... டக்! கண்ணாடி மூடி இறங்கியது. க்ளிக்! அவனே பூட்டினான்.

“ஆக்‌ஷன்!”

பாய்க்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது.

ட்ரை ஐஸ்! சொர்க்கம் காட்டும் சீன்களில் வைப்பார்கள். திறந்த இடத்தில் வைப்பார்கள். ஒருமுறை சின்ன அறையில் வைத்து இரண்டு பேர் மூச்சுத் திணறி விழுந்ததை அவள் நேரில் பார்த்திருக்கிறாள். இதுவோ ஆள் நீளத்துக்கு ஒரு பெட்டி!

படபடவென்று தட்டினாள்.

“தெறங்க! மூச்சு முட்டுது! தெறங்க!”

வெளியே ஜெனரேட்டர் உறுமியது.

“பிரமாதம்க்கா!” அன்புசெல்வன் கட்டை விரலைக் காட்டினான். “இன்னும்! இன்னும்!”

“இது நடிப்பில்லடா பாவிங்களா!”

அதற்கும் கை தட்டினார்கள்! மருமகளாக நடிக்கும் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நெஞ்சு எரிந்தது. முப்பத்தொரு வருஷமாக அவளுக்குச் சோறு போட்ட நடிப்பு, இப்போது அவளைக் கொன்றுகொண்டிருந்தது. அழுதால் அதுவும் சீன். உதைத்தால் அதுவும் சீன். மயங்கி விழுந்தால்? பிணம் மறுபடி பிணமானது என்பார்கள். அடக் கடவுளே... சீனில் இல்லாதது எது?

கண் இருட்டியது. புகைக்கு நடுவே, தூரத்தில் மஞ்சளாக என்னவோ தெரிந்தது.

துலுக்காணத்தின் பூசணிக்காய்!

சுமலதா தட்டுவதை நிறுத்தினாள். காலை நீட்டினாள். முகத்தைக் கேமரா பக்கம் திருப்பினாள். உயிர் போகிற வலியில்... பல் தெரியச் சிரித்தாள்!

“சிரிச்சிட்டாங்கப்பா! முடிஞ்சிது! லைட் ஆஃப்!” துலுக்காணத்தின் குரல்.

பட்பட்டென்று விளக்குகள் அணைந்தன. ஷட்டர் வழியாக மத்தியான வெயில் மட்டும் மிச்சம்.

“யோவ்! ஷாட் போய்க்கிட்டிருக்குய்யா!”

“பொணம் சிரிச்சா அவ்ளோதான் நைனா. சாவி குடு.”

“உங்கிட்டதான குடுத்தேன்!”

“எங்கிட்ட எங்க குடுத்த? இன்னாத்துக்கு பேஜாரு பண்ற?”

பெட்டிக்குள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கருவிழி மேலே செருகியது. துலுக்காணம் பார்த்துவிட்டார்.

“ஐயோ! இது நடிப்பில்லடா!”

பூசணிக்காயை இரண்டு கையாலும் தூக்கினார். கால்மாட்டுக் கண்ணாடியில் போட்டார். படார்! புகை கொட்டியது. நான்கு பேர் சேர்ந்து அவளை இழுத்துத் தரையில் கிடத்தினார்கள்.

சுமலதாவின் தொண்டைக்குள் காற்று இறங்கியது. கண்ணைத் திறக்கப் போனாள்...

“செத்துட்டாங்க!” அன்புசெல்வன் நாடி பிடிக்காமலேயே கதறினான். “அக்கா... போயிட்டீங்களே அக்கா!”

திறக்கப் போன கண்ணை அவள் திறக்கவில்லை. மூச்சை அடிவயிற்றுக்கு இறக்கினாள். வேலையை ஆரம்பித்தாள்.

எல்லோரும் அவளைச் சுற்றி நின்று அழ, அன்புசெல்வன் ஓரடி பின்னால் நகர்ந்தான். அவன் கை பேன்ட் பாக்கெட்டுக்குள் போய் வந்தது. துலுக்காணத்தின் டூல்ஸ் பையில் சின்னதாக ஒரு சாவி விழுந்தது. அங்கிருந்தவர்கள் ஒருவரும் திரும்பவில்லை.

“இவன் பையைப் பாருங்கடா! தோ... சாவி! வச்சிக்கிட்டே இல்லைன்னு சொல்லி உயிரை எடுத்துட்டான்!”

துலுக்காணத்துக்கு முகம் வெளுத்தது.

“எங்காத்தா மேல சத்தியமா நான் வைக்கல...”

“அதைப் போலீஸ்ல சொல்லு!”

அன்புசெல்வன் போனை எடுத்தான். பிணத்தை அப்படியே விடலாமா? மரியாதை வேண்டாமா? அழுதுகொண்டே ஓரத்தில் கிடந்த மாலையை எடுத்து அவள் மார்பில் வைத்தான்.

சாமந்தி மாலை!

“அ... ஆ... அச்!”

போன் கீழே விழுந்தது. நாற்பத்து மூன்றாவது பிணம் எழுந்து உட்கார்ந்தது!

“ஏன் தம்பி,” சுமலதாவின் குரல் கரகரத்தது. “பூமிகா விழுந்ததும் மொத வார்த்தையா ‘கட்’னு சொன்னீங்க. இன்னிக்கு மறந்துட்டீங்களே?”

அன்புசெல்வன் மெல்லத் திரும்பினான்.

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது!

“நீங்கதான சார் நிறுத்தக் கூடாதுன்னீங்க?” ஜோசப் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். “சாவி எந்தப் பாக்கெட்லேர்ந்து எந்தப் பைக்குப் போச்சுன்னு பளிச்சுன்னு விழுந்திருக்கு.”

“கட்! கட்! கட்டுடா!”

வாசலுக்கு ஓடினான். அவனுக்கு முன்னால் ஷட்டர் கடகடவென்று இறங்கியது. பாதிப் பூசணிக்காயோடு எதிரே நின்றார் துலுக்காணம்.

“எங்க நைனா ஓடற? உன் கதை முடிஞ்சிது... கேமராவ பாத்து சிரிச்சிட்டுப் போ!”