சங்குமுனையின் கேள்வி

"அஞ்சே நிமிசம், தம்பி. புல்டோசர அதுக்குள்ள கிளப்பிராதீங்க."

"காலையிலேர்ந்து இதே அஞ்சு நிமிஷம்தாங்க்கா கேக்கறீங்க. வெறும் சுவரு. இது எங்க பேசப் போவுது?"

"பேசும். பேசலேன்னா இடிச்சுப்போடுங்க."

சலோமி தன் அலைவலையை மறுபடியும் வானத்துக்குத் திருப்பினாள். என்றோ ஒலிபரப்பான அலைகள் விண்வெளித் தூசுமேகங்களில் மோதித் திரும்புகின்றன; அந்த மெலிந்த எதிரலைகளைச் சலித்துப் பிடிப்பது அலைவலை. அது வந்தபின் சங்குமுனை மீனவர்கள் வானத்திலும் வலை வீசினார்கள். கல்யாண வீடுகளில் பாட்டன் காலத்து வானொலி நாடகங்கள் முழங்கின. சட்டம்கூட வந்துவிட்டது: தான் அன்று அனுப்பிய அலை வானத்திலிருந்து திரும்பி வந்தால், அந்தக் கட்டடத்தை யாரும் இடிக்கக் கூடாது.

போர்க்கால ராடார் நிலையத்தில் மிஞ்சியவை மூன்று தடித்த சுவர்கள். புயலடித்தால் ஊர் ஒதுங்க வேறு இடமில்லை. துறைமுகக் கிடங்குக்காக அதைத்தான் இடிக்க வந்திருந்தார் பொறியாளர் தணிகைவேல்.

உட்சுவரில் ஒரு தமிழ்ச் சிப்பாய் ஆணியால் கீறியது இன்னும் அழியவில்லை. ஒரு நெடில், இரண்டு குறில், ஒரு நெடில் என்ற ஒலிக்குறிப்பு. 'நம்மவனா, எதிரியா?' என்று விமானங்களிடம் நிலையம் கேட்ட கேள்வி அது. அதன்கீழே: 'பதில் இல்லையேல் சுடு.'

வலை சிலிர்த்தது. நெடில். குறில், குறில். நெடில்.

"வந்துட்டு! நம்ம நிலையத்தோட அலை வந்துட்டு மக்கா!"

கரை அதிர்ந்தது. கோயில் மணி அடித்தது, வெடி வெடித்தது. பெண்கள் சலோமியைத் தூக்கிச் சுற்றினார்கள். தணிகைவேலே தொப்பியைக் கழற்றிச் சிரித்தார். "தோத்துட்டேங்க்கா. இனி உங்க சுவர ஒருத்தனும் தொட முடியாது." புல்டோசர் புழுதி கிளப்பியபடி திரும்பிப் போனது. சலோமி சுவரில் முகம் பதித்து அழுதாள்.

அப்போது டீக்கடை வானொலியில் பாட்டு நின்றது.

நெடில். குறில், குறில். நெடில்.

எதிரலைக்கு இவ்வளவு பலம் கிடையாது. இதைப் பிடிக்க வலையே வேண்டியிருக்கவில்லை. படகுகளில், வீடுகளில், எல்லா வானொலிகளும் அதையே ஒலித்தன. சலோமி அலைவலையின் திசைமுள்ளைப் பார்த்தாள். அதே தூசுமேகத் திசை. அங்கிருந்து யாரோ அதே கேள்வியைக் கேட்டுவிட்டு நிறுத்தினார்கள். காத்திருந்தார்கள். மீண்டும் கேட்டார்கள்.

தணிகைவேலின் கண்கள் சுவரின் கீழ்வரிக்குப் போயின. தொப்பி கையிலிருந்து நழுவியது.

"அக்கா... நாங்க எதிரி இல்ல, உங்காளுங்கதான்னு எதாவது பதில் சொல்லுங்கக்கா."

நெடில். குறில், குறில். நெடில்.