அம்மா ஓட்டினால் மட்டும் வரும் புகை

பாலத்தின் அடியில் சிக்னல் பச்சையானது. அம்மா ஆக்சிலேட்டரை அழுத்தினார். கார் உறுமிக்கொண்டு மேட்டில் ஏறியது.

பின் இருக்கையில் இருந்த துருவி திரும்பிப் பார்த்தாள். பின்கண்ணாடி முழுவதும் புகை. அதற்குள்ளிருந்து ஒரு சைக்கிள்காரர் இருமிக்கொண்டே வெளிப்பட்டார். கையை நீட்டி ஏதோ சொன்னார். கண்ணாடி மூடியிருந்ததால் காதில் விழவில்லை. விழாததே நல்லது என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“வருதா?” என்றார் அம்மா.

“வருது.”

“இப்பவுமா?”

“இப்பவும் வருதும்மா.”

அம்மா பல்லைக் கடித்துக்கொண்டார்.

துருவியின் உண்மையான பெயர் வேறு. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வீட்டில் அப்படிக் கூப்பிட்டார்கள். இப்போது பள்ளியில் அவளுக்கு இன்னொரு பெயரும் கிடைத்திருந்தது: புகைவண்டி. வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தால் பாலம் நன்றாகத் தெரியும். அதுதான் வினை.

அன்று மாலை அம்மா கார்ச் சாவியை அப்பாவிடம் கொடுத்து, ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அப்பா தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்.

“எனக்கு வரலையே” என்றார்.

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டாலே அம்மாவுக்குத் தலைவலி வந்துவிடும். ஏனென்றால் அப்பா ஒவ்வொரு முறையும் அதையேதான் சொன்னார். அதில் பொய்யும் இல்லை. அப்பா ஓட்டும்போது புகை வருவதே இல்லை.

அப்பா சீட் கவர் தைப்பவர். வீட்டின் முன்னறைதான் அவருடைய கடை. பொருள் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஓர் உறை வேண்டும் என்பது அவருடைய கொள்கை. டிவி ரிமோட்டுக்கு உறை. இஸ்திரிப் பெட்டிக்கு உறை. குடைக்கு ஓர் உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க இன்னோர் உறை. மழை வந்தால் குடையை வெளியே எடுப்பதற்குள் எல்லோரும் நனைந்துவிடுவார்கள்.

காரையும் அப்படித்தான் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். அது மிகப் பழைய கார். அப்பா அதை ஓட்டினால், நடந்து போகிறவர்கள் ஜன்னல் வழியாக அவரிடம் நலம் விசாரித்துவிட்டு முன்னால் போய்விடுவார்கள். பாலத்தின் பக்கமே போக மாட்டார். கீழ்ச் சாலையில் சுற்றிக்கொண்டுதான் போவார்.

சித்தப்பா தேநீர்க் கோப்பையுடன் வாசலில் நின்றுகொண்டு தன் கருத்தைச் சொன்னார். “அண்ணி, வண்டியைத் தடவி ஓட்டணும். நீங்க மிதிக்கிறீங்க.”

“பாலத்துல தடவி ஏறிப் பாருங்க தம்பி. பின்னாடி வர்ற லாரி உங்களைத் தடவிட்டுப் போகும்.”

அப்பா சமாதானம் செய்ய நினைத்துத்தான் வாயைத் திறந்தார். “வண்டி உன் கைக்கு வந்த பிறகுதானே இந்தப் புகை ஆரம்பிச்சுது. அதைச் சொல்றான். தப்பா எடுத்துக்காத.”

அம்மா தப்பாகத்தான் எடுத்துக்கொண்டார். ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை தேறி உரிமம் வாங்கியவர் அவர். வாங்கிய கொஞ்ச நாளில் புகை தொடங்கியது. அதை யாராலும் மறுக்க முடியவில்லை.

மறுநாள் மெக்கானிக்கிடம் போனார்கள். அவர் காரை நிறுத்தி வைத்தே ஆக்சிலேட்டரை அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஒரு துளிப் புகைகூட வரவில்லை. துருவிக்குக் காரை எட்டி உதைக்கலாம் போல் இருந்தது.

புகை என்ன நிறம் என்று மெக்கானிக் கேட்டார். கறுப்பு என்றார் அம்மா. ஒரு நாள் ஸ்கூட்டரில் பின்னால் வந்த சித்தப்பா, நீலம் என்று அடித்துச் சொன்னார். அப்பா, தனக்கு வரவே இல்லை என்றார்.

“கறுப்புன்னா என்ன, நீலம்னா என்ன?” என்று கேட்டாள் துருவி.

“நீலம்னா எஞ்சினுக்குள்ள ஆயில் எரியுது. கறுப்புன்னா பெட்ரோல் ஜாஸ்தி, காத்து கம்மி. பாதி எரியாமக் கரியா வெளிய வருது.”

“அப்ப எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“பாப்பா, கேள்வி கேட்டா போல்ட் கழலாது. கொஞ்சம் தள்ளி நில்லு.”

காற்று வடிகட்டியைப் பார்த்தாயிற்றா என்று அவர் அப்பாவிடம் கேட்டார். அதைத் தானே மாற்றிவிட்டதாகவும், புத்தம் புதிதாக இருப்பதாகவும் அப்பா சொன்னார். மெக்கானிக் அதோடு விட்டுவிட்டார். யார் அதிகம் ஓட்டுகிறார்கள் என்று அடுத்துக் கேட்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார். மெக்கானிக்கும் பார்த்தார். “ஓ, அக்கா ஓட்டுறாங்களா” என்று சொல்லி லேசாகச் சிரித்தார்.

எஞ்சினைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும், திங்கட்கிழமை காரைக் கொண்டுவந்து விட்டால் திரும்பக் கிடைக்க ஒரு மாதம் ஆகும் என்று முடிவாயிற்று.

அம்மா வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டினார். அந்த வீட்டில் உறை இல்லாத ஒரே பொருள் அந்த ஆணிதான்.

“வண்டி சரியாகி வந்ததும் நானே உங்களை ஸ்கூலுக்கும் வேலைக்கும் கொண்டுபோய் விடுறேன். நீ கஷ்டப்பட வேண்டாம்” என்றார் அப்பா.

“சரி” என்றார் அம்மா.

அந்தச் ‘சரி’ துருவிக்குப் பிடிக்கவில்லை. அம்மா ஒரு பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அவர் ‘ஆடாதீங்க’ என்றால் ஆட மாட்டார்கள். அப்படிப்பட்டவர் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் சரி சொல்ல மாட்டார். இனிமேல் அந்தச் சாவியை அம்மா தொடவே மாட்டார் என்று துருவிக்குத் தோன்றியது.

அவள் யோசித்தாள். அம்மா ஓட்டினால் புகை. அப்பா ஓட்டினால் இல்லை. ஆனால் அம்மா பாலத்தில் போகிறார், அப்பா கீழ்ச் சாலையில் போகிறார். ஆளும் மாறுகிறது, வழியும் மாறுகிறது. பிறகு எப்படி ஆளை மட்டும் குற்றம் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவிடம் போனாள்.

“அப்பா, நீங்க பாலத்துல ஓட்டணும். அம்மா மாதிரியே.”

அப்பா தைத்துக்கொண்டிருந்த உறையிலிருந்து நிமிரவில்லை. பாலத்தில் எதற்கு, பெட்ரோல்தான் வீண் என்றார். வெயில் என்றார். நாளைக்குத்தான் மெக்கானிக்கிடம் போகிறதே என்றார். துருவி ஒவ்வொன்றுக்கும் ஏன், ஏன் என்று கேட்டாள். பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போன அப்பா, கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அப்பா ஓட்ட, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். துருவி பின்னால். சிக்னலில் நின்றார்கள். பச்சை விழுந்தது. அப்பா தடவத் தொடங்கினார். கார் முக்கியது. பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது. அதன் பின்னால் நின்றவையும் அடித்தன.

“மிதிங்கப்பா.”

அப்பா மிதித்தார்.

துருவி திரும்பிப் பார்த்தாள். லாரியையே காணவில்லை. அவ்வளவு புகை.

“வருதா?” என்று அம்மா திரும்பாமலே கேட்டார்.

“வருதும்மா. அப்பாவுக்கும் வருது.”

அப்பா கண்ணாடியில் பார்த்தார். பிறகு, “அது லாரிப் புகையா இருக்கும்” என்றார்.

“லாரி பின்னாடி இருக்குங்க” என்றார் அம்மா. குரலில் பழைய கூர்மை கொஞ்சம் திரும்பியிருந்தது.

பாலத்தின் மறுபக்கம் இறங்கி, ஒரு மரத்தடியில் காரை நிறுத்தினார்கள். புகைக்குழாய் ஆறும்வரை அம்மா துருவியை அருகில் விடவில்லை. ஆறியதும் துருவி தன் வெள்ளைக் கைக்குட்டையின் ஒரு மூலையால் குழாயின் உள்பக்கத்தைத் துடைத்தாள். அது கன்னங்கரேல் என்று ஆயிற்று. இன்னொரு மூலையில், எஞ்சின் ஆயிலை அளக்கும் கம்பியிலிருந்து ஒரு சொட்டுத் தடவித் தரச் சொன்னாள். அப்பா கம்பியை உருவித் தடவிக் கொடுத்தார்.

இரண்டு மூலைகளையும் விரலால் தேய்த்துப் பார்த்தாள். ஆயில் பிசுபிசுத்தது. குழாயில் இருந்தது பிசுபிசுக்கவே இல்லை. காய்ந்த கரியாக, ஊதினால் பறந்தது.

“ஆயில் எரிஞ்சா குழாயும் பிசுபிசுன்னு இருக்கணும்ல? இது வெறும் கரி. அப்ப அம்மா சொன்ன மாதிரி கறுப்புப் புகைதான். பெட்ரோல் ஜாஸ்தி, காத்து கம்மி.”

“அதுக்கு?” என்றார் அப்பா.

“மெதுவாப் போனா கொஞ்சம் காத்து போதும். மேட்டுல ஏறும்போதுதான் நிறைய வேணும். அப்ப கிடைக்கலை. வாயையும் மூக்கையும் துணியால கட்டிக்கிட்டு மாடிப்படி ஏறுற மாதிரி. அப்பா, காருக்குக் காத்து எது வழியாப் போகும்?”

அப்பா எஞ்சினின் மேலே இருந்த வட்டமான கறுப்பு டப்பாவைக் காட்டினார். துருவி அதன் கொக்கியில் கை வைத்ததும், “அதைத் திறக்க வேண்டாம். உள்ள சுத்தமாத்தான் இருக்கு” என்றார்.

“எப்படித் தெரியும்?”

“தெரியும்.”

“எப்படிப்பா?”

“நான்தான் அதுக்கு...” என்று தொடங்கிய அப்பா நிறுத்திக்கொண்டார்.

அம்மா மெதுவாகத் திரும்பினார். “அதுக்கு?”

அம்மாவே கொக்கிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினார். உள்ளே பெரிய வளையம் போல் காற்று வடிகட்டி இருந்தது. அதைச் சுற்றிலும் கச்சிதமாக ஓர் உறை. சீட் கவர் துணி, உள்ளே மெல்லிய பஞ்சு, இரட்டைத் தையல், ஓரத்தில் எலாஸ்டிக்.

மரத்தில் ஒரு காகம் மட்டும் கத்தியது.

“நீ போற வழியில கட்டட வேலை நடக்குது” என்றார் அப்பா காரைப் பார்த்துக்கொண்டே. “ஒரே தூசி. நீ லைசென்ஸ் வாங்கின வாரம் தைச்சேன். உனக்கு வண்டி நடுவழியில நின்னுடக் கூடாதேன்னு.”

அம்மா அந்த உறையைக் கழற்றிக் கையில் எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். தையலை விரலால் தடவினார். கோபப்படலாமா, சிரிக்கலாமா என்று அவருக்கே தெரியாதது போல் இருந்தது.

“இத்தனை நாளா என் காலைக் குத்தம் சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“தம்பிகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க.”

“சொல்லிடறேன்.” அப்பா தலையைச் சொறிந்தார். “மெக்கானிக்கிட்டயும் நாளைக்கு வரலைன்னு சொல்லிடறேன்.”

“அவர்கிட்ட ஏன்னும் சொல்லுங்க.”

அப்பா பெருமூச்சு விட்டார். அதற்கும் தலையாட்டினார். பிறகு சாவியை அம்மாவிடம் நீட்டினார். அம்மா அதை உடனே வாங்கவில்லை. கைகளைத் துடைத்துக்கொண்டார். புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். அதன் பிறகே வாங்கிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினார்.

அப்பா பின்னால் துருவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். பாலத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் அதே சிக்னலுக்கு வந்தார்கள். இந்த முறை பின்னால் ஒரு பேருந்து நின்றது.

பச்சை விழுந்தது. அம்மா மிதித்தார்.

துருவியும் அப்பாவும் முட்டி போட்டுப் பின்கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டார்கள். குழாயில் மிச்சமிருந்த கரி ஒரு முறை லேசாக இருமியது. அவ்வளவுதான். பேருந்தின் முகம் முழுசாகத் தெரிந்தது. ஓட்டுநரின் மீசைகூடத் தெரிந்தது. இவர்கள் இருவரும் தன்னையே உற்றுப் பார்ப்பதைக் கண்டு அவர் குழம்பிப் போய்க் கையை அசைத்தார். துருவியும் கையை அசைத்தாள்.

“வருதா?” என்றார் அம்மா.

“வரலை” என்றார்கள் இருவரும்.

கார் வேகம் பிடித்தது. இவ்வளவு நாளும் மூச்சுத் திணறிய எஞ்சின் இப்போது சரசரவென்று ஏறியது. அப்பா முன் இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“கொஞ்சம் மெது...”

அம்மா கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார். “என்ன?”

“ஒண்ணுமில்ல” என்றார் அப்பா. “நீ போ.”