ஒன்றே மிச்சமிருந்தால்

அரை நொடிக்கு விலை வைத்து விற்றவன் அவன். ஓங்கிய கையை இறக்கிக்கொள்ளவும், நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொள்ளவும் மனிதனுக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறதே, அந்த அரை நொடி. அதை மிச்சம் பிடித்துத் தருகிறேன் என்று பேசிப் பேசி, ஆளுக்கு மாதம் ஒரு தேநீர்க் காசுக்குப் படிய வைத்திருந்தான். அலுவலகத்தில் அவனுக்கு 'அவசரம்' என்றே பெயர்.

சரக்கு இதுதான். புரோகிராம் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் ஓர் எடிட்டர். சொல்லிக் கொடுத்தால் எதையும் செய்யும். அதன் அடியில் கட்டளைப் பெட்டி. ஓரெழுத்து தட்டினால் போதும், பொருந்தும் கட்டளைகளும் பெயர்களும் வரிசையாக எட்டிப்பார்க்கும். ஒன்றைத் தொட்டால் மீதியை அதுவே நிரப்பிக்கொள்ளும். வேலை முடிந்ததும் மிச்சமான நேரத்தைக் கீழே கணக்குக் காட்டும். அதற்கு அவசரம் இரண்டு விதிகள் எழுதினான். நெடுநாள் தொடாதது பட்டியலிலிருந்து உதிர வேண்டும். ஒன்றே மிச்சமிருந்தால் கேட்காமல் செய்துவிட வேண்டும்.

"சார், அந்த ஒண்ணு தப்பான ஒண்ணா இருந்தா?" என்றாள் சோதனை பார்க்கும் பெண். "'செய்யட்டுமா'ன்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன குறைஞ்சிடும்?"

"ஸ்டாண்டுல ஒரே பஸ்தான் நிக்குது. எந்த பஸ்ஸுன்னு கேப்பியாம்மா?"

"அது எங்க போகுதுன்னு கேப்பேன் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். விதியை மாற்றவில்லை.

வீட்டையும் அந்தப் பெட்டிக்குள்தான் வைத்திருந்தான். பக்கத்து அறையில் இருக்கும் மகளைச் சாப்பிடக் கூப்பிடுவதுகூட அதில் தட்டும் செய்தியால்தான்.

அன்று மதியம் வானம் மூடிக்கிடந்தது. அடுப்படியில் வெங்காயம் வதங்கும் வாசனை, பலகையில் கத்தி விழும் சீரான சத்தம். பேச்சுவார்த்தை விட்டுப்போன தம்பிக்கு ஒரு வரி போடலாமென்று பெட்டியைத் திறந்தான். பட்டியலில் 'வீட்டுக்காரி', 'குட்டி'. தம்பி இல்லை. உதிர்ந்திருப்பான், விதிப்படிதானே என்று நினைத்துக்கொண்டான்.

"ஏம்மா, தம்பி நம்பர் உன் போன்ல இருக்கா?"

"எந்தத் தம்பி?" மனைவி கத்தியோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "என்னங்க, தூக்கமா? நீங்க ஒத்தப் பிள்ளையாச்சே." கிண்டல் இல்லை அந்த முகத்தில். "நானே உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு..."

"கேஸ் தீரப் போகுது, அதானே?"

அவள் எது பேச ஆரம்பித்தாலும் அவன்தான் முடிப்பான். பழக்கம்.

"அதில்ல," என்றாள் மெதுவாக. திரும்பி உள்ளே போய்விட்டாள்.

சுவரில் குடும்பப் படம். தம்பி அவன் தோளில் கை போட்டு நிற்பான். இப்போது தோள் மட்டும் இருந்தது. சட்டைத் துணி அழுந்திக் கசங்கியிருந்தது, ஐந்து விரல் அகலத்துக்கு. விரல் இல்லை.

திரும்பித் திரையைப் பார்த்தான். 'குட்டி' மட்டும்.

கத்திச் சத்தம் எப்போது நின்றது?

அடுப்படிக்கு ஓடினான். வாசனை இல்லை. அடுப்பு சில்லென்றிருந்தது. பலகையில் தூசி. கழுவிக் கவிழ்த்த தட்டுகள் இரண்டு.

"யாரைத் தேடுறீங்கப்பா?" அறைக்குள்ளிருந்து மகள்.

"அம்மா எங்கடா?"

"எந்த அம்மா?" அவள் சிரித்தாள்.

கதவைத் திறந்து அவளைக் கட்டிக்கொள்ளத்தான் கால் முதலில் போனது. கை கணினிக்குப் போயிற்று. விதியை எடுத்தால் எல்லோரும் திரும்பிவிடலாம். கணினியையே அணைத்துவிட்டால்? போனவர்கள் உள்ளேயே போய்விட்டால்?

"குட்டி, பேசிக்கிட்டே இரு. நிறுத்தாத."

"என்னப்பா பேச?"

"எது வேணா. நான் குறுக்க பேச மாட்டேன்."

அவள் ஏதோ பூனையைப் பற்றி ஆரம்பித்தாள். மாடிப்படியில் பார்த்த பூனை, ஒரு காது மடங்கியது. அவன் 'நீக்கு' என்று தட்டினான்.

எதை?

பட்டியல் விரிந்தது. இரண்டே வரிகள். 'உதிர்க்கும் விதி.' அதற்குக் கீழே, 'குட்டி.'

மேல் வரிக்கு விரலைக் கொண்டுபோனான். எழுதிய நாளிலிருந்து ஒருமுறைகூட அதை அவன் தொட்டதில்லை. நெடுநாள் தொடாதது. எழுத்துகள் வெளுத்தன.

"வேண்டாம்."

வெளுத்தன.

"இரு. இரு. கேளு."

உதிர்ந்தது. 'குட்டி' ஒன்றே மிச்சம்.

"...அதுக்கு நான் ஒரு பேரு வெச்சிருக்கேம்ப்பா. என்ன பேருன்னா..."

காத்திருந்தான். வாயைத் திறக்காமல், மூச்சுவிடாமல் காத்திருந்தான். பிறர் பேச்சை முடித்தே பழகியவனுக்கு அந்தப் பேச்சை முடிக்கத் தெரியவில்லை.

மகளின் அறைக் கதவு இருந்த இடத்தில் சுவர். அதே பெயின்ட். ஆணிகூட இல்லை.

படத்தில் அவன் மட்டும் நின்றான், தோளில் கசங்கலோடு, குழந்தையைத் தூக்கிய வாகில் இடக்கை மடங்கியபடி. கையில் ஒன்றுமில்லை. அதன் பாரத்தில் தோள் இன்னும் ஒருபக்கம் சாய்ந்திருந்தது.

திரையின் அடியில் கணக்கு வந்து நின்றது.

நீக்கியது: ஒன்று. 'செய்யட்டுமா' கேட்டது: இல்லை. மிச்சம்: அரை நொடி.