காலி அறைக்கு முப்பது விநாடி

ஷைலா இன்னும் ஆடவே தொடங்கவில்லை. அதற்குள் சத்தம் வந்துவிட்டது. மழை விட்ட கரிசல் காட்டில் புதைந்த பாதத்தை, மண் விட மனமில்லாமல் விடுகிற அந்த ஈரச் சத்தம். அது பெனோவின் சத்தம். அவள் புருஷன் பெனோ போன மாதம் கயத்தாறு பக்கம் லாரி மோதிச் செத்துப்போனான்.

கோவில்பட்டியில் மூடிக்கிடந்த தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றின் கொட்டகையில்தான் நான்கு வருஷமாக இருவரும் ஆடினார்கள். பாட்டும் கிடையாது, தாளமும் கிடையாது. மேலே இருக்கிற கேமரா ஆடும் உடம்பைப் பார்க்கும். கம்ப்யூட்டர் அந்த அசைவைச் சத்தமாக்கும். ஷைலா கையை வீசினால் தீக்குச்சிகள் சரியும். பெனோ அடி வைத்தால் கரிசல் சேறு. எந்த நடை யாருடையது என்று அதற்கு அத்துப்படி. இன்று எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போக பெனோவின் தம்பி எபநேசர் ஆட்டோவோடு வெளியே காத்திருந்தான். அதற்குள் பெனோவைப் போலவே நடந்து, கம்ப்யூட்டரை ஏமாற்றியாவது அவன் சத்தத்தை ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்றுதான் அவள் வந்தாள், பாவம்.

ஆடும் முன்னால் கேமராவுக்குக் காலி அறையைக் காட்ட வேண்டும். முப்பது விநாடி. அப்போது உள்ளே எது இருந்தாலும் சுவர், தூண் என்று எடுத்துக்கொள்ளும்; பிறகு அதை ஏறிட்டும் பார்க்காது. அதனால் இருவரும் வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இன்றைக்குத் தனியாகப் போய் நிற்க அவளுக்கு மனசு வரவில்லை. பட்டனைத் தட்டிவிட்டு உள்ளேயே உட்கார்ந்து அழுதாள்.

இப்போது கம்ப்யூட்டர் திரையில் 'ஆள்: 1' என்று இருந்தது. அதில், தூணோரத்தில் வெள்ளையாக ஓர் உருவம். அவள் தூணோரத்தில் இல்லை; திரும்பிப் பார்த்தால் அங்கே யாருமே இல்லை.

கையை வீசினாள். குச்சிச் சத்தம் இல்லை. ஓடினாள், குதித்தாள். ஒன்றுமில்லை. ஆள் ஒன்றுதான்.

வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே, பழைய தீக்குச்சி மருந்து வாடைக்கு அடியில், நனைந்த மண் வாசம் ஏறிக்கொண்டே வந்தது. உருவம் இடது தோளைச் சாய்த்து அடி வைத்தது. அவனேதான். இரண்டு கைகளையும் நீட்டி எதையோ தேடினான்.

"நான் இங்கனதான் இருக்கேன்" என்றாள்.

சத்தம் அவளைக் கடந்து போனது. திரும்பி வந்தது. மறுபடி கடந்தது.

வெளியே போய்க் காலி அறையை இன்னொரு தடவை எடுத்தால் கேமராவுக்கு அவள் தெரிவாள். ஆனால் அவன் உள்ளே இருப்பான். அவன் சுவராகிவிடுவான்.

"மதினி, நேரமாவுது. கரண்ட அமத்திட்டு வாரீயளா?" எபநேசரின் குரல் வாசலில் கேட்டது.

"வேண்டாம் எபி. இருக்கட்டும்."

அவன் கை போகும் இடத்தைத் திரையில் பார்த்துப் பார்த்து, அங்கே போய் மண்டியிட்டாள். கன்னத்தில் ஈரம். குளிர்ச்சி. பிறகு அதுவும் நழுவியது.

சேற்றுச் சத்தம் நின்றது.

ஸ்பீக்கரில் ஓர் ஆண் அழுதான். அழுகையை அவர்கள் அந்தக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்ததே இல்லை. திரையில் இரண்டு கைகளும் அவள் முகம் இருந்த இடத்தைத் துழாவிக்கொண்டே இருந்தன.