திறப்பு விழாவுக்கு ஒரு தூசு மண்டலம்

அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டில் தூசு மண்டலம் இல்லாத பெரிய மனிதர் கிடையாது. பூமியிலிருந்து பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்ற வெப்பக்கண் என்ற தொலைநோக்கி, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் வானத்தைப் பார்த்தது. மற்ற தொலைநோக்கிகளுக்கு வெறும் இருட்டுத் திட்டாகப்பட்ட தூசு, அதற்கு நீறு பூத்த தணலாக ஒளிர்ந்தது. சிக்கிய மண்டலங்களுக்கு எண் போட்டிருக்கலாம். எண்ணுக்கு யார் மாலை போடுவார்கள்? அதனால் அமைச்சர் பெயரில் ஒன்று, அவருடைய மாமியார் பெயரில் ஒன்று என்று ஆரம்பித்து, கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் படிப்புக்குக் கீழே குடும்ப மண்டலத்தை அச்சடிக்கும் வரை வந்துவிட்டது.

வெப்பக்கண்ணை இயக்கும் பணகுடி ஆய்வகத்தின் இயக்குநர் முனைவர் திருமேனிநாதனுக்கு மட்டும் மண்டலம் இல்லை. ஊருக்கெல்லாம் பந்தி விசாரித்துவிட்டுப் பசியோடு நிற்பவரின் முகம் அவருக்கு.

அப்படியிருந்தவருக்கு மூன்று வாரங்களுக்கு முன்னால் ஒன்று கிடைத்தது. படத்தின் நட்டநடுவில், கொழுக்கட்டை வடிவத்தில் ஓர் ஒளிப் பூச்சு. திருமேனி மண்டலம் என்று அன்றைக்கே பெயர் வைத்து, வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அமைச்சர் திறக்கும் விழா என்று பேனரும் கட்டியாகிவிட்டது.

ஆய்வக விஞ்ஞானி சுடர்க்கொடிக்கு அந்தப் பூச்சைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. படங்களிலிருந்து கருவியின் சொந்தச் சூட்டைக் கழிப்பதுதான் அவளுடைய வேலை. சூட்டைப் பார்க்கிற கண் தானே சூடாக இருந்தால் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால்தான் அதைப் பூஜ்யத்துக்குக் கீழே இருநூற்று முப்பது டிகிரியில், நிழலில் வைத்திருந்தார்கள். அதே வெள்ளிக்கிழமை நான்கு மணியிலிருந்து ஏழு மணி வரை, அவள் காத்திருந்த கோள் ஒன்று தன் விண்மீனின் குறுக்கே கடக்கப் போகிறது. அப்போது அதன் காற்றில் வடிகட்டி வரும் ஒளியைப் பிரித்தால், அங்கே நீராவி உண்டா என்று சொல்லிவிடலாம். பதினோரு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் கடக்கும். அடுத்த முறை அவள் ஓய்வு பெற்று வீட்டில் இருப்பாள். இப்போதோ அந்த விண்மீன் மேல் கொழுக்கட்டை உட்கார்ந்திருக்கிறது.

வெப்பக்கண்ணை வேறு திசைக்குத் திருப்பிப் பார்த்தாள். பூச்சும் கூடவே வந்தது. எதிர்த்திசையிலும் நட்டநடுவில் அதே கொழுக்கட்டை. நேராகப் பட்டறைக்குப் போய், வெப்பக்கண்ணை மேலே அனுப்புமுன் பாகம் பாகமாகப் பூட்டிய இசக்கிமுத்துவைப் பிடித்தாள்.

"அண்ணாச்சி, உள்ள எதையாவது மாட்டுனியளா?"

இசக்கிமுத்து தலையைச் சொறிந்தார். "கல்வெட்டு தங்கச்சி. சார் பேர் போட்ட பித்தளைத் தகடு. இருட்டுல பேர் தெரியாதுன்னு மேல ஒரு குட்டி விளக்கு. மேல அனுப்பும்போதே வச்சது. விளக்க மட்டும் சாரோட மணிவிழா அன்னிக்குத்தான் இங்கேருந்து எரிய விட்டோம்."

மணிவிழா நடந்து சரியாக மூன்று வாரம்.

அவள் இயக்குநரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். உண்மையான மண்டலம் வானத்தில் ஒரே இடத்தில் நிற்கும், இது நாம் திரும்புகிற பக்கமெல்லாம் வருகிறது என்றாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"எந்தப் பக்கம் பார்த்தாலும் இருக்குன்னா, எவ்வளவு பெரிய மண்டலம்மா அது," என்றார்.

இதற்குமேல் அறிவியல் பேசிப் பயனில்லை என்று சுடர்க்கொடிக்குப் புரிந்தது. வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"சார், அமைச்சர் வந்து திறக்கணும்லா? ஏற்கெனவே திறந்து கெடக்கறத எப்படித் திறப்பாரு?"

இயக்குநர் கண்ணைத் திறந்தார். முப்பது வருட அனுபவத்தில் அவர் கண்ட அத்தனை பாலங்களும், இயங்கிக்கொண்டிருந்த பேருந்து நிலையங்களும், திறப்பு விழாவுக்காக முதலில் மூடப்பட்டவைதான். விளக்கை வியாழன் காலையே அணைத்துவிட உத்தரவிட்டார். தகடு ஆற ஒரு நாள் பிடிக்கும் என்று அவள் கேட்டு வாங்கிய அவகாசம் அது. விளக்கை மறுபடி ஏற்றும் கட்டளை, விழா மேடையில் ஒரு சிவப்புப் பொத்தானுக்கு மாற்றப்பட்டது.

அமைச்சர் தாமதமாகத்தான் வருவார் என்பதே அவளுடைய ஒரே நம்பிக்கை. நான்கு மணிக்குக் கோள் விண்மீனின் விளிம்பைத் தொட்டபோது அமைச்சர் கயத்தாறில் இருந்தார். ஒளி ஒரு நூல் குறைந்தது. ஐந்து மணிக்குத் திருநெல்வேலி. அங்கே இரண்டு மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தாள். ஆனால் அவருடைய புதிய தானோட்டிக் கார் நேரம் தவறாத சாதி. ஐந்தே முக்காலுக்கு நாங்குநேரியைத் தாண்டிவிட்டது.

"இன்னும் அரை மணி நேரத்துல பொத்தான்ல கைய வச்சிருவாரு," என்றாள் இசக்கிமுத்துவிடம்.

அவர் கைப்பேசியை எடுத்தார். "மச்சான், வள்ளியூர்ல நம்ம ஆளுவ எத்தன பேரு தேறுவாங்க? ஆளுக்கொரு பொன்னாடையோட ரோட்டுக்கு வரச் சொல்லு. ஒவ்வொருத்தனும் போட்டோ எடுத்துட்டுத்தான் விடணும்."

பொன்னாடையைத் தாண்டிப் போகிற காரை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. நாற்பத்திரண்டு பொன்னாடைகள். ஏழு மணி நான்கு நிமிடத்துக்குக் கோள் விண்மீனை விட்டு நகர்ந்தது. சுடர்க்கொடி நாற்காலியில் சாய்ந்து, காலையில் கொண்டுவந்த தயிர்ச்சாதத்தைத் திறந்தாள்.

ஏழரைக்கு அமைச்சர் பொத்தானை அழுத்தினார். சில நொடிகளில், வெப்பக்கண் பார்ப்பதை அப்படியே காட்டும், மாநிலத்தின் அத்தனை வீட்டு வானத்திரைகளிலும் திருமேனி மண்டலம் பளிச்சென்று பற்றிக்கொண்டது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நானூறு ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருப்பதாகச் சொன்ன மண்டலம் பணகுடியில் பொத்தானை அழுத்தினால் எப்படி எரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கக்கூடியவர்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு மண்டலம் இருந்தது.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. கோளின் காற்றில் நீராவி இருந்தது, சந்தேகத்துக்கு இடமில்லாமல். சுடர்க்கொடி ஒன்றுக்கு மூன்று முறை சரிபார்த்து, நாற்பது பக்க அறிக்கையை மேலே அனுப்பினாள். மறுநாளே கோப்பு திரும்பி வந்தது. முதல் பக்க ஓரத்தில் இயக்குநரின் பச்சை மை:

"மிக்க மகிழ்ச்சி. அமைச்சர் தேதி கொடுத்துவிட்டார். இந்தக் கோளுக்குப் பொத்தான் எங்கே?"