நாற்றம் நின்ற பிறகு

நாற்றம் நின்றுபோனதுதான் மாரிக்கண்ணனுக்கு முதலில் உறுத்தியது. நடுக்கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கிலிருந்து மும்பை விக்ரோலி பட்டறைக்குக் கழுவ வந்த சேற்றுத் தொட்டி அது. காலையிலிருந்து அதன் அழுகிய முட்டை வாடை குடலைப் புரட்டிக்கொண்டிருந்தது. மழைக்கு இருட்டிக்கிடந்த மத்தியானத்தில், தகரக் கூரை சடசடக்க, டீசலும் ஈரத் துருவும் மணக்க, தொட்டி வாயருகே கயிற்றைப் பிடித்தபடி காவல் நின்றான். மறுமுனை உள்ளே, அவன் மனைவியின் தம்பி பேச்சிராஜாவின் இடுப்பில். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"நாத்தம் போயிட்டு அத்தான். இனி நிம்மதியா சேத்த வழிக்கலாம்," என்றான் பேச்சிராஜா உள்ளிருந்து.

"ஜல்தி முடிச்சுட்டு வா மாப்ள."

மாரிக்கண்ணனும் நிம்மதியாக மூச்சை இழுத்து விட்டான். என்ன புத்தியோ! முன்பு ரிக்கில் வேலை பார்த்தபோது படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்: நாற்றம் சட்டென்று நின்றால் விஷவாயு போய்விட்டதென்று அர்த்தமில்லை, மூக்குதான் மரத்துவிட்டது, உடனே வெளியேறு. குமட்டல் அடங்கிய சுகத்தில் அது மறந்தே போனது.

மேலிருந்து சுத்தியலால் ஒரு தட்டு, உள்ளிருந்து பதிலுக்கு இரண்டு. பதில் வரும்வரை ஆள் நன்றாக இருக்கிறான். அதுதான் அவர்கள் வழக்கம்.

தட்டினான்.

டங், டங்.

கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டினான். பதில் வந்தது. ஆனால் வெகு ஆழத்திலிருந்து வந்தது. தொட்டி அவ்வளவு ஆழமில்லை.

அடுத்த முறை அவன் சுத்தியலை ஓங்குவதற்குள்ளேயே பதில் வந்துவிட்டது.

"ஏலே ராசா!"

பேச்சில்லை. தட்டு மட்டும்.

அப்போதுதான் உறைத்தது. நாற்றம்! கப்பியில் கிடந்த கயிற்றை வெறிகொண்டு இழுத்தான். தாராவியில் மனைவி இசக்கிசெல்வி காத்திருப்பாள். தம்பியை இவனை நம்பித்தானே அனுப்பினாள்! உள்ளங்கை உரிந்தது. உள்ளே டங், டங். இருக்கிறான். உயிரோடு இருக்கிறான்.

தலை வந்தது. தோள் வந்தது. தரையில் கிடத்தி, இடுப்புக் கயிற்றை அவிழ்த்தான். உதடு நீலம். திறந்த கண்ணில் சேறு. கன்னம் சில்லிட்டிருந்தது. எப்போதோ முடிந்துவிட்டது.

"ஐயோ, செல்விகிட்ட என்னன்னு சொல்லுவேன்..."

டங், டங்.

தொட்டிக்குள்ளிருந்து.

அவனால் திரும்ப முடியவில்லை.

"அத்தான், கயித்தப் போடுங்க. இங்கன இருட்டா இருக்கு."

பேச்சிராஜாவின் குரல்தான். தரையில் கிடந்தவனின் வாய் அசையவில்லை.

"அக்காகிட்டப் போணும் அத்தான்."

மாரிக்கண்ணன் அழுதுகொண்டே கயிற்றை உள்ளே விட்டான். கயிறு விறைத்தது. அதைப் பற்றிக்கொண்டு, கை மாற்றிக் கை மாற்றி, ஏதோ ஒன்று மெல்ல ஏறத் தொடங்கியது.