அடித்துத் திருத்திய மொட்டைக் கடிதம்

காலை 10.20. தலைமையாசிரியையாகத் தேர்வான பெர்சிஸ் டீச்சரின் பதவிக்கு உலை வைத்த மொட்டைக் கடிதம், பள்ளிக் குழுச் செயலாளர் சாலோமியின் மேசைக்கு வந்து சேர்ந்தது. நாலு மணிக்குக் குழு கூடுகிறது. அதற்குள் எழுதியவர் யார், என்ன நோக்கம் என்று தெரியாவிட்டால் பெர்சிஸின் தேர்வு ரத்து.

சாலோமி முப்பது வருடம் பாளையங்கோட்டை கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதியவள். பொய்யைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள். பெயரைப் போடத் துணிச்சலில்லாமல் அடுத்தவர் சோற்றில் மண்ணைப் போடுகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

'தேர்வுக்கு முந்தின நாள் பெர்சிஸ் தாளாளர் வீட்டில் விருந்து சாப்பிட்டார். இதனால்' என்று இடது கைக் கிறுக்கல். அடுத்து 'ஆதாயம் அடைந்தார்' என்பது அடிக்கப்பட்டிருந்தது. 'சலுகை பெற்றார்' என்பதும் அப்படியே. கடைசியில் 'சாதகமான நிலையில் இருந்தார்' என்பது மட்டும் நின்றது. அடித்தவை இரண்டிலும் ஸ்கேல் வைத்த ஒற்றைக் கோடு. இரண்டுக்கும் நேராக ஓரத்தில் ஒவ்வொரு மைப்புள்ளி.

11.05. பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்ற டார்லின் டீச்சர் வந்தாள்.

"விருந்து விஷயம் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும்க்கா."

"அதுல பெர்சிஸுக்கு என்ன கிடைச்சுது?"

"ஆதாயம்தான், வேற என்ன? பேரைப் போட்டே எழுதித் தாரேன்."

2.30. பெர்சிஸையும், அதே பள்ளியில் குமாஸ்தாவாக இருக்கும் அவள் கணவர் ஜாஸ்பரையும் சாலோமி கூப்பிட்டாள்.

"ஆதாயம்னு எழுதினா விசாரணை வரும், இவ வேலையே போயிரும். சலுகைன்னா தாளாளரும் மாட்டுவாரு. சாதகம்னா யாருக்கும் பெரிய சேதமில்ல, பதவி மட்டும் போகும். எதிரி இவ்வளவு பதனமா எழுத மாட்டான். இவ வேலை நிக்கணும், உயரக் கூடாதுன்னு நினைக்குத ஆளு எழுதினது."

"யாருக்கா?" என்றாள் பெர்சிஸ்.

"பதிவேட்டுல தப்பு வந்தா ஸ்கேல் வச்சு ஒத்தக் கோடு போட்டு, ஓரத்துல சுருக்கொப்பம் வைக்கணும். பழகின கை அங்கன போயிருக்கு. பேனா தாளைத் தொட்ட பிறகுதான் புத்தி வந்திருக்கு, அதான் இந்தப் புள்ளி. இந்த ஆபீஸ்ல பதிவேடு எழுதுத ஆளு ஒருத்தர்தான். என்ன ஜாஸ்பர்?"

ஜாஸ்பர் தலையைக் குனிந்துகொண்டார். "தினமும் பொண்டாட்டி முன்னால குமாஸ்தாவா கை கட்டி நிக்கச் சொல்லுதீங்களா?"

பெர்சிஸ் கடிதத்தை அவர் பக்கம் தள்ளினாள். "மூணு வார்த்தை யோசிச்சிருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை பேசலியே."

இருபது வருடக் குடித்தனத்தின் லட்சணம் அவ்வளவுதான்.

3.50. சாலோமி எழுந்தாள். "பேரைச் சொன்னா இவரு வேலை போகும். சொல்லலைன்னா உன் பதவி போகும். நான் என்ன செய்யட்டும்?"

பெர்சிஸ் கணவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சொல்லுங்கக்கா" என்றாள்.